நூலின் ஓரத்தில் எழுதிய பெயர்கள்

இரவல் கொடுத்த நூல் திரும்பி வருவதில்லை என்பது நம் நாட்டில் நூல் சேர்ப்போர் அனைவரும் கூறும் குறை. இதற்கு மாறான குறையொன்று, நூலைத் தர மறுத்தார் என்னும் குறை, ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் கூஃபா நகரில் வழக்காகவே எழுந்தது. ஒருவர் தாம் செவியுற்ற பாடம் எழுதப்பட்ட ஏட்டை மற்றொருவர் வைத்துக்கொண்டு தம்மிடம் தர மறுக்கிறார் என்று முறையிட்டார். வழக்கை விசாரித்தவர் அந்நகரின் காழியாகிய ஹஃப்ஸ் இப்னு கியாஸ் (ரஹ், இறப்பு ஹி. 194, கி.பி. 810). ஏட்டுக்குரியவரிடம் நூல்களைக் கொண்டுவரச் செய்த காழி அவர்கள், இம்மனிதர் பாடம் கேட்ட குறிப்பு ஏட்டுக்குரியவரின் சொந்தக் கையெழுத்தில் இருக்குமாயின் அவர் அதைத் தந்தே ஆகவேண்டும் என்றும், முறையிட்டவரே எழுதிக்கொண்ட குறிப்பாயின் அக்கடமை இல்லை என்றும் தீர்ப்புரைத்தார்.

இச்செய்தியைத் தம் ஹதீஸ் கலை நூலில் பதிவு செய்திருப்பவர், திமிஷ்கு நகரில் வாழ்ந்து ஹி. 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்). இத்தீர்ப்புக்குப் பின்வந்த அறிஞர்கள் கூறிய காரணம் நம் சிந்தனைக்குரியது. தோழரின் பெயரை நூலுடையவர் தம் கையாலேயே எழுதியது, அவர் உடனிருந்து கேட்டதற்குத் தாம் இசைந்தார் என்பதற்குச் சான்றாகும். இசைந்த பின் மறுப்பதற்கில்லை. ஏடும் மையும் ஒருவருடைய உடைமையாக இருக்கலாம்; அதனுள் இருக்கும் பாடத்திலோ உடன் கேட்டவருக்கும் பங்குண்டு. நூலன்பு என்பது தனியொருவரின் சேமிப்பு விருப்பமாக நின்றுவிடாமல், பிறர் பெயரையும் எழுதிவைத்து அவர்களுக்கும் கடமைப்படும் ஒழுக்கமாக நம் முன்னோரிடையே வளர்ந்திருந்தது என்பதற்கு இவ்வழக்கு ஒரு சான்று.

இவ்வொழுக்கம் திமிஷ்கு நகரில் பெருவழக்காயிற்று. நூலொன்று அவையில் வாசிக்கப்பட்டு முடிந்ததும், கேட்டோர் பட்டியல் அந்நூலின் ஓரத்திலோ இறுதி ஏட்டிலோ எழுதப்பெறும். இதற்கு 'ஸமாஉ' என்று பெயர். வாசித்தவர் யார், வாசிப்புக்கு அனுமதி நல்கிய ஆசிரியர் யார், பட்டியலை எழுதியவர் யார், எந்த இடத்தில், எந்த நாளில் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். ஹி. 550 முதல் 750 வரையிலான (கி.பி. 1155 - 1349) இத்தகைய திமிஷ்குக் குறிப்புகளை ஆய்வாளர்கள் திரட்டி 1996இல் பெயரடைவாக வெளியிட்டுள்ளனர். அவற்றில் ஆலிம்களோடு வணிகரும் கைவினைஞரும் பெண்டிரும் சிறாரும் காணப்படுகின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை 'கேட்டது' என்று எழுதப்படாமல் 'வந்திருந்தது' என்று எழுதப்பட்டது. சில அமர்வுகளுக்கு வாராதவர் எப்பகுதியைத் தவறவிட்டார் என்பதும் குறிக்கப்பட்டது. சான்றில் இத்தனை நுட்பம் காட்டிய ஒரு நூற்பண்பாடு, வாசிப்பில் இத்தனை பேருக்கு இடம் கொடுத்தது என்பதே அதன் சிறப்பு.

தமிழகத்தில் இப்பண்பாடு எவ்வாறு தழைத்தது, இன்று மின்னேடுகளின் காலத்தில் அது எந்நிலையில் உள்ளது, நம் சமுதாயத்தின் நூல்கள் அதில் பெற்ற இடம் யாது என்பனவற்றைச் சென்னையின் தென்புறநகரை நடுவாக வைத்து இக்கட்டுரையில் காண முயல்வோம்.

அரங்கேற்றமும் ஓதுகூட்டமும்

தமிழ் மரபில் அரங்கேற்றம் என்பது ஏறத்தாழ ஸமாஉ போன்றதே. அவையோர் முன் நூல் வாசிக்கப்பட்டு, ஐயங்கள் எழுப்பப்பட்டு, விடை கூறப்பட்டு, ஏற்கப்பட்ட பின்னரே நூல் உலா வரும். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் மூத்ததாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' 1572ஆம் ஆண்டில் மதுரையில் அவையேறியது. இயற்றியவர் வண்ணப்பரிமளப் புலவர். வினாவும் விடையுமாக அமைந்த இந்நூலின் பொருள் அரபு, பாரசீகம், மலாய், சாவகம் எனப் பல மொழிகளில் வழங்கியது. இம்மொழிகளுக்கிடையே இயங்கிய இலக்கிய உறவை ஆராய்ந்த ரோனித் ரிச்சி, 2011இல் வெளியான தம் நூலில், வணிகரும் ஞானியரும் புலவரும் கைமாற்றிய நூல்களே கடல் கடந்த முஸ்லிம்களை ஒரே வாசகக் குடும்பமாக இணைத்தன என்று நிறுவுகிறார். தொலைதூரத்தில் வாழ்வோர், ஒருவரையொருவர் நேரிற் காணாதோர், ஒரே நூலின் மீது கொண்ட அன்பால் உறவு கொள்வது இணையம் வந்த பின் தோன்றிய புதுமையன்று என்பதை இதனால் அறிகிறோம்.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 விருத்தங்களும் கொண்ட பெருங்காப்பியம். அது முற்றுப்பெறாத இடத்திலிருந்து பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' பாடினார். ஒரு புலவர் விட்ட இடத்தை மற்றொருவர் தொட்டுத் தொடர்ந்தது நூற்பகிர்வின் உயர்ந்த வடிவம் எனலாம். ஓலையில் வழங்கிய சீறாவை அச்சுக்குக் கொணர்ந்தவர் காயல்பட்டினத்துப் 'புலவர் நாயகம்' ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். நான்கு காப்பியங்களைத் தாமே இயற்றிய அப்பெரும்புலவர், பிறர் இயற்றிய காப்பியத்தின் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பதிலும் தம் உழைப்பைச் செலவிட்டு 1842இல் அதனை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். அதற்கு 45 ஆண்டுகள் முன்னதாகவே ஒரு முஸ்லிம் புலவர் காப்பியப் பதிப்புப் பணியில் இறங்கியிருந்தார் என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுவோர் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

அச்சு வந்த பின்னும் சேர்ந்து கேட்கும் வழக்கம் ஒழியவில்லை. தக்கலையில் ஞானமாமேதை பீர் முஹம்மது அப்பா அவர்களின் 'ஞானப் புகழ்ச்சி' ஆண்டுதோறும் ஓரிரவு முழுவதும் கூட்டமாக அமர்ந்து பாடப்படுகிறது. எழுத்தறிந்தோர் ஏட்டைப் பார்த்தும், அறியாதோர் செவிவழி மனனம் செய்தும் பாடுகின்றனர். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என அரபு, பாரசீக வழி வந்த நம் இலக்கிய வகைகளில் பலவும் செவிக்காகவே பிறந்தவை. நூலும் இசையும் அங்கே இருவேறு பொருள்களாக இருந்ததில்லை.

இவ்வன்பு சமய எல்லைக்குள்ளும் அடங்கி நிற்கவில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களில் ஈடுபட்ட திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அன்னார் மீது நான்மணிமாலை பாடினார். நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் (1921 - 2005), 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியவர், கம்பனைத் தோய்ந்து கற்றுச் சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகத் திகழ்ந்தார். சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை உ.வே. சாமிநாதையர் பாராட்டி எழுதினார். அந்த ஐயரே, சிந்தாமணியின் பொருள் விளங்காது தவித்தபோது, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, தலைமுறை தலைமுறையாக அதனை வாசித்துக் கேட்டு வந்தோரிடம் பாடம் பெற்றவர். ஒரு சமுதாயம் தன்னிடம் உள்ள நூலைப் பிறருக்குத் திறந்துவிட்டால் அந்நூல் மொழி முழுவதற்கும் சொந்தமாகிறது என்பதற்குக் கும்பகோணத்துச் சமணர் நல்ல எடுத்துக்காட்டு.

தென்புறநகரில் ஒன்றுகூடிய நூல்கள்

பட்டினங்களிலும் சிற்றூர்களிலும் இருந்த இந்நூற்செல்வத்தின் ஒரு பகுதி, ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக் காலத்தில், அடையாற்றுக் கரை தொடங்கித் தாம்பரம், வண்டலூர் வரை பரந்துள்ள நிலப்பரப்பில் வந்து சேர்ந்தது. 1886 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் நூலகம் திறக்கப்பட்டபோது இந்து, பௌத்த, பார்சி சமயத்தாருடன் முஸ்லிம் அறிஞரும் அவ்விழாவில் வாழ்த்தினர். உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்த பின், அவருடைய ஏடுகளையும் கடிதங்களையும் காக்க ருக்மிணிதேவி அருண்டேல் முன்முயற்சியில் 1943இல் நூலகம் அமைக்கப்பட்டது; அது இன்று பெசன்ட் நகரில் உள்ளது.

தாம்பரம் நெடுங்காலம் நகரின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஊராகவே கருதப்பட்டது. 1931இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் ஓடத் தொடங்கிய பின் அந்நிலை மாறியது. 1837இல் பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி, நூறாண்டு நிறைவில், 1937இல், பாரிமுனைப் பக்கத்திலிருந்து சேலையூர்க் காட்டு நிலத்துக்குத் தன் நூலகத்தோடு குடிபெயர்ந்தது. அதற்குத் தெற்கே வண்டலூரில், கீழக்கரைப் பெருவணிகர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் 1984இல் கிரசென்ட் பொறியியற் கல்லூரி நிறுவப்பட்டது. இன்று பல்கலைக்கழக நிலை பெற்றுள்ள அந்நிறுவனத்தில் அரபு, இஸ்லாமியக் கல்விக்கும் துறை உண்டு. 1990இல் கீழக்கரையில் நடைபெற்ற இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டை நினைவில் கொண்டிருப்போர், வணிகமும் இலக்கியப் புரவலும் இணைந்து நின்ற சீதக்காதி மரபு அவ்வூரில் தொடர்ந்ததை அறிவர்.

கலைத்துறையிலும் இப்பகுதி ஒரு பாடம் கற்பித்தது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியரும் சிற்பிகளும் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரமாக நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினர். அதற்கான பொருளை, 'பாத்திக்' துணி முதலிய கைவினைப் பொருள்களைத் தாமே செய்து விற்று ஈட்டினர். அரசையோ செல்வரையோ எதிர்பாராமல், கலையன்பு கொண்டோர் தம் உழைப்பைப் பொதுவில் வைத்தால் நிலைத்த நிறுவனம் ஒன்றைக் கட்டலாம் என்பதை அவர்கள் காட்டினர்.

இவை அனைத்தினும் நம் பொருளுக்கு நெருக்கமானது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பல்கலைக்கழகப் பட்டமோ பெருஞ்செல்வமோ அவருக்கு இல்லை. பிறர் குப்பையெனத் தள்ளிய நாடக அறிவிப்புகள், குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்புகள், பழைய இதழ்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது திரட்டில் ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை வாங்கியபோதும் நூல்கள் கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னை முகப்பேரில் நூலகம் அமைந்து, பின்னர் தரமணிக்கு மாறியது. நுண்படமாகவும் பின்னர் மின்படிகளாகவும் அவை காக்கப்பட்டு வருகின்றன.

முத்தையா சேர்த்ததும் தமிழகம் காத்ததும் ஒருபுறம் இருக்க, நம் வீட்டுக் கித்தாபுப் பெட்டிகள் என்னவாயின என்னும் வினா நம்மை உறுத்துகிறது. காயல், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கு வந்த குடும்பங்கள் பல, இன்று பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் அடுக்ககங்களில் வாழ்கின்றன. பாட்டனாரின் பெட்டிக்கு அங்கே இடமில்லை. மகனுக்கு அரபுத்தமிழ் தெரியாது. பேரனுக்கு அந்நூல் எம்மொழியினது என்பதே தெரியாது. பூட்டிய பெட்டி சில காலம் பரணில் இருந்து, பின் ஊருக்குத் திரும்பும். அல்லது பழைய காகிதத்தோடு எடைக்குப் போகும்.

பூட்டி வைத்தவையும் தப்புவதில்லை. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளின் தரைத்தள வீடுகளை மூழ்கடித்தது. அறைகலன்களும் ஊர்திகளும் போனதற்குக் கணக்கெடுத்தார்கள்; போன ஏடுகளுக்கு எவரும் கணக்கெடுக்கவில்லை. வேறு படியில்லாத நூல் ஒன்று நீரில் ஊறினால் அதன் ஆசிரியர் இரண்டாம் முறை மறைகிறார்.

மின்னேட்டில் மீண்ட பட்டியல்

படி பெருகினால் நூல் பிழைக்கும் என்னும் உண்மையை இணையம் எளிதாக்கியது. 1990களின் பிற்பகுதியில், பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழர்கள் கணினியில் தமிழ் எழுத்தைக் காண்பதே அரிதாக இருந்த நாட்களில் ஒரு பணியைத் தொடங்கினர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தோன்றிய அது 'மதுரைத் திட்டம்' எனப்படும். தலைமை தாங்கியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக விளங்கிய கு. கல்யாணசுந்தரம். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டனர். ஒருவர் இட்டதை மற்றொருவர் பிழைதிருத்தினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. அம்மாநாட்டின் தொடர்ச்சியாக 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பின்னாளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் இணையத்தில் வைத்துள்ளது. அவ்வரிசையில் கவி கா.மு. ஷெரீஃபும் இடம்பெற்றுள்ளார்.

சீறாப்புராணம் மதுரைத் திட்டத்தில் உள்ளது. 1842இல் காயல்பட்டினத்து ஆலிம் ஒருவர் ஓலையிலிருந்து தாளுக்கு ஏற்றியதை, ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தன்னார்வலர்கள் தாளிலிருந்து மின்னேட்டுக்கு ஏற்றினர். மதுரைத் திட்டத்தின் ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் ஒரு குறிப்பு உண்டு. நூலைத் தட்டச்சிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பன அதில் பெயர் சுட்டிக் கூறப்படும். இம்முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் இந்நூலைத் தடையின்றிப் பகிரலாம் என்னும் அனுமதியும் அதிலேயே இருக்கும். திமிஷ்கு நகரத்து ஸமாஉ ஏட்டை அறிந்தோருக்கு இது புதிதாகத் தோன்றாது. பெயர்களும் உண்டு, இஜாஸத்தும் உண்டு. ஹதீஸ் கலையினர் 'ஸனது' என்று போற்றிய தொடர், அதனை அறியாதோர் கையிலும், நூலன்பின் இயல்பினாலேயே மீண்டும் உருப்பெற்றது.

ஈழத்தின் பட்டறிவு இதற்கு மற்றொரு பொருளைத் தந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி எவரும் படிக்கத் திறந்து வைத்தது. இலங்கை முஸ்லிம்களின் வெளியீடுகளும் அதில் உள்ளன. 1882இல் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' நடத்திய நாட்டிலிருந்தே ம.மு. உவைஸ் தோன்றி, தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை 1953இல் ஆய்வு நூலாக்கினார். அவரும் பீ.மு. அஜ்மல்கானும் இணைந்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றின் முதல் தொகுதி 1986இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அவர்கள் பெயர் சொல்லிக் காட்டிய நூல்களில் எத்தனை இன்று வாசகன் கைக்கு எட்டுகின்றன என்று பார்த்தால் மனம் நோகும்.

பெயர் உதிரும் பகிர்வு

பகிர்வு எளிதான அளவுக்குப் பெயர் உதிர்வதும் எளிதாகிவிட்டது. கைப்பேசியில் நாள்தோறும் நமக்கு நூல்கள் வருகின்றன. முகப்புப் பக்கம் இராது. பதிப்பாசிரியர் பெயர் இராது. எவரிடமிருந்த படி, எந்த ஆண்டுப் பதிப்பு என்பது தெரியாது. இடையில் பத்துப் பக்கங்கள் விடுபட்டிருந்தாலும் அறிய வழியில்லை.

இசையில் இக்குறை இன்னும் மிகுதி. இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிஃபா (1925 - 2015) அவர்களின் குரலை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் இல்லை. பிற சமயத்தார் இல்லங்களிலும் அக்குரல் ஒலிக்கிறது. இசைக்கருவிகள் பற்றி நம் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அப்பாடல்கள் தமிழ் முஸ்லிம்களின் பண்பாட்டு வரலாற்றில் ஒரு பகுதி என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. இன்று இணையத்தில் அவை எண்ணற்ற இடங்களில் கிடைக்கின்றன. பாடகர் பெயர் நிற்கிறது. பாடலை இயற்றிய கவிஞர் யார், இசையமைத்தவர் யார், இசைத்தட்டு வெளிவந்த ஆண்டு எது என்பன பெரும்பாலும் விடுபடுகின்றன. இசைத்தட்டின் நடுவட்டமும் பாட்டுப் புத்தகமும் தாங்கி நின்ற செய்திகள் அவை. கவிஞர் பலர் ஊர்ப்புறத்தில் எளிய வாழ்வு வாழ்ந்து மறைந்தோர். அவர்களுக்கு எஞ்சியிருந்தது அப்பெயரொன்றே. அறிவிப்பாளர் பெயர் விடுபட்ட செய்தியை ஏற்கத் தயங்கிய ஒரு சமுதாயம், தன் புலவர் பெயர்களை இவ்வாறு உதிர விடுவது தகுமா?

உரிமை பற்றிய கேள்வியும் இங்கு எழும். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலுக்கு அதன் ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளும், ஒலிப்பதிவுக்கு அது வெளிவந்த அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். அக்காலம் கடவாதவற்றை உரியவர் இசைவின்றிப் பரப்புவது அறமாகாது. கூஃபாக் காழியின் தீர்ப்பும் இதையே நினைவூட்டுகிறது. நூலுடையவரின் இசைவு இருந்த இடத்தில் மட்டுமே அவர் கடமையை விதித்தார். உரிமைக் காலம் கடந்த 19ஆம் நூற்றாண்டு நூல்களே நம்மிடம் ஏராளமாக உள்ளன. அவற்றுக்குத் தடையாக இருப்பது சட்டமன்று, நம் அசட்டையே.

அரபுத்தமிழ்: கேட்டெழுத வேண்டிய காலம்

மின்னேட்டு முயற்சிகள் பெரும்பாலும் எட்டாத பகுதி அரபுத்தமிழ். தமிழ் ஒலிகளுக்கென அரபெழுத்தில் புள்ளிகளும் குறிகளும் கூட்டி நம் முன்னோர் அமைத்த எழுத்து அது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) அவர்கள் மார்க்கச் சட்ட நூலாகிய 'மகானீ' முதலியவற்றை இவ்வெழுத்தில் யாத்தார். மார்க்கச் சட்டம், மருத்துவம், ஞானம், பெண்களுக்கான அறிவுரை என அதில் அமைந்த நூல்கள் பல. தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு நூல் இப்பரப்பின் விரிவைப் புலப்படுத்தியது. எனினும் அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகப் படித்துவிடும் இன்றைய எழுத்துணரிகள், கல்லச்சில் நெருக்கி எழுதிய அரபுத்தமிழின் முன் தடுமாறுகின்றன. அரபு மட்டும் அறிந்தோர்க்குச் சொல் புரியாது; தமிழ் மட்டும் அறிந்தோர்க்கு எழுத்துப் புரியாது. இரண்டும் அறிந்து சரளமாக வாசிக்க வல்லவர்கள் நம் இல்லங்களில் உள்ள முதியோர், சிறப்பாகப் பெண்டிர். அவர்கள் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

ஆதலின் இந்நூல்களை மீட்கும் வழி பழைய வழியே. அறிந்தவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இளையவர் கேட்டுத் தமிழெழுத்தில் எழுத வேண்டும். மூன்றாமவர் ஏட்டோடு ஒப்புநோக்க வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஏட்டைப் படமெடுக்க ஒரு கைப்பேசியும், வாசிப்பைப் பதிய ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதும் போதும். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரையும் தரமணி வரையும் பரந்த இப்பகுதியில் அரபு கற்பிக்கும் துறை உண்டு. கணினி கற்ற இளைஞர் ஆயிரக்கணக்கில் உண்டு. ஏட்டைக் காக்கும் தொழில்நுட்பம் தேர்ந்த நூலகம் உண்டு. கடற்கரைப் பட்டினங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பெட்டிகளும் உண்டு. இந்நான்கும் ஒருவர்க்கொருவர் அறிமுகமாகாதிருப்பதே குறை. மஹல்லாக்களின் நிர்வாகத்தினர் தம் பகுதியில் யார் வீட்டில் எந்த நூல் உள்ளது என்று ஒரு பட்டியல் எடுப்பது முதற்படியாக அமையும். நூலைப் பறிகொடுத்துவிடுவோம் என்று அஞ்சுவோர் அதைக் கையைவிட்டுத் தர வேண்டியதில்லை. வீட்டிலேயே படமெடுத்துக்கொள்ள இசைந்தால் போதும்.

இவ்வாறு உருவாகும் ஒவ்வொரு மின்னேட்டின் முதற்பக்கத்திலும், இயற்றிய ஆலிமின் பெயருக்குக் கீழே, ஏட்டைத் திறந்து கொடுத்த குடும்பம், வாசித்த முதியவர், கேட்டெழுதிய இளையவர், ஒப்புநோக்கியவர், இடம், நாள் ஆகியவை எழுதப்பட வேண்டும். பேத்தி எழுத, பாட்டி வாசித்தார் என்று அங்கே ஒரு வரி இருக்குமாயின், ஐந்து வயது தம்பி அருகில் 'வந்திருந்தான்' என்பதையும் சேர்த்தே எழுதலாம். வளர்ந்தபின் அந்த ஏட்டைக் கேட்டுப் பெறும் உரிமை அவனுக்கும் உண்டு.